‘ஆங்கிலத்தில் எப்படி இருக்கிறது?’

பெங்களூரிலும் தில்லியிலும் மும்பையிலும் நடக்கும் தமிழ் வேதபாட வகுப்புகளில் தவறாமல் எழும் கேள்வி ஒன்று உண்டு. வசனம் ஒன்றின் பொருள் பிடிபடாமல் வகுப்பு தடுமாறும். யாரேனும் ஒருவர், பெரும்பாலும் அந்த அறையில் மிகுதியாகப் படித்தவர், கைபேசியை எடுப்பார். ‘ஆங்கிலத்தில் எப்படி இருக்கிறது?’ ஆங்கில வசனம் வாசிக்கப்படும், தலைகள் அசையும், விவாதம் அத்துடன் முடியும். இறையியல் கருத்தரங்குகளிலும் பல்கலைக்கழக ஆய்வேடுகளிலும் இதே வழக்கம் சற்றுக் கண்ணியமான உடையில் உலவுகிறது. தமிழ்க் கிறித்தவத்தைப் பற்றிய ஆய்வேட்டில்கூட விவிலிய மேற்கோள் ஆங்கிலத்தில் இருக்கும். தமிழ் வாசகம் இடம்பெற்றால் அது அடிக்குறிப்பில், எந்தப் பெயர்ப்பு, எந்த ஆண்டு என்ற விவரமின்றி, ‘தமிழ் பைபிள்’ என்ற பொதுப்பெயரில் ஒதுங்கியிருக்கும்.

இதைப் பணிவு என்றும் எச்சரிக்கை என்றும் சிலர் கருதுகின்றனர். இது சோம்பல், ஆய்வுலகைப் பொறுத்தவரை முறைகேட்டுக்கு மிக அருகில் நிற்கும் சோம்பல். ஆங்கில விவிலியம் மூலநூலன்று. தமிழைப் போலவே அதுவும் எபிரேயத்திலிருந்தும் அரமேயத்திலிருந்தும் கிரேக்கத்திலிருந்தும் பெயர்க்கப்பட்டது. இரண்டு பெயர்ப்புகள் முரண்படும்போது அவற்றுள் ஒன்றையே நடுவராக அமர்த்துவதை வேறெந்தத் துறையும் ஏற்காது. ஒரு குறளின் வங்காளப் பெயர்ப்பும் இந்திப் பெயர்ப்பும் வேறுபட்டால், இந்தியில் இருப்பதே சரி என்று எந்தத் தமிழாசிரியரும் சொல்லமாட்டார், குறளைத் திறப்பார். விவிலியத்தின் முன் மட்டும் அந்த எளிய நேர்மை எப்படியோ காணாமற்போகிறது.

நடுவராக அமரும் ஆங்கிலம் பல இடங்களில் தமிழைவிடக் குறைவாகவே சொல்கிறது என்பது இதனினும் கடுமையான செய்தி. இன்றைய ஆங்கிலத்தின் முன்னிலைச் சொல் ஒருவரையும் குறிக்கும், பலரையும் குறிக்கும். கிரேக்கத்திலும் எபிரேயத்திலும் அவ்வாறில்லை, தமிழிலும் இல்லை. எரேமியா 29ஆம் அதிகாரத்தின் 11ஆம் வசனம் நாட்காட்டிகளிலும் வாழ்த்து அட்டைகளிலும் தேர்வுக்குச் செல்லும் பிள்ளைகளின் மேசைக்கு மேலும் தொங்குகிறது. கடவுள் தனக்கென்று, தன் வேலைக்கும் திருமணத்திற்கும், ஒரு திட்டம் வைத்திருக்கிறார் என்று ஆங்கிலத்தில் வாசிப்பவர் கொள்கிறார். எபிரேயத்தில் அங்கே இருப்பது பன்மை. தமிழில் அதிகம் வாசிக்கப்படும் பழைய பெயர்ப்பும் ‘உங்கள்’ என்றே தருகிறது. பாபிலோனுக்குக் கொண்டுசெல்லப்பட்ட ஒரு மக்கள்கூட்டத்திற்கு எழுதப்பட்ட கடிதம் அது; மீட்சிக்கு 70 ஆண்டுகள் ஆகும் என்று அதற்கு முந்தைய வசனம் சொல்கிறது. கடிதத்தைப் பெற்றவர்களுள் பலர் அந்த மீட்சியைக் காணப்போவதில்லை. தமிழ் வாசகர் தம் கையிலுள்ள நூலை நம்பியிருந்தால் இந்தத் தவறு நேர்ந்திராது. அவரோ ஆங்கிலத்தைப் பார்த்துத் தமிழையே ‘நீ’ என்று திருத்தி வாசிக்கிறார்.

லூக்கா 22ஆம் அதிகாரத்தில், கைதாகும் இரவில், இயேசு சீமோனிடம் பேசும் இரண்டு வசனங்களும் அத்தகையவை. சாத்தான் புடைக்கக் கேட்டது பலரை. இயேசு வேண்டிக்கொண்டது ஒருவனுக்காக. கிரேக்கம் இந்த மாற்றத்தைத் துல்லியமாகக் காட்டுகிறது. தமிழ் ‘உங்களை’, ‘உனக்காக’ என்று அப்படியே ஏந்துகிறது. இன்றைய ஆங்கிலப் பெயர்ப்புகளுக்கு இதைக் காட்ட அடிக்குறிப்போ கூடுதல் சொல்லோ தேவைப்படுகிறது. பேதுருவின் முதன்மையைப் பற்றிச் சபைகளுக்கிடையே நூற்றாண்டுகளாக நடக்கும் வாதத்தில் இவ்வசனங்களுக்கு இடமுண்டு. அந்த வாதத்தை ஆங்கிலத்தில் மட்டும் தொடரும் தமிழ் மாணவர், கையில் விளக்கை வைத்துக்கொண்டு தீப்பெட்டி தேடுகிறார்.

இதுவரை சொன்னவை தமிழுக்குச் சாதகமானவை. தமிழ்ப் பெருமை பேச விரும்புவோர் இந்த இடத்தில் நிறுத்திக்கொள்ளலாம். ஆனால் தமிழ் மூலத்தைக் காக்கும் இடங்களைப் போலவே, மூலத்தில் இல்லாததைத் தமிழ் சேர்த்தே தீரவேண்டிய இடங்களும் உண்டு. தனிப்பட்ட வாசிப்பானாலும் ஆய்வு வாசிப்பானாலும், உண்மையில் கண் விழித்திருக்க வேண்டியது அங்கேதான். யோவான் நற்செய்தியின் 4ஆம் அதிகாரம் அதற்குப் போதுமான சான்று.

நண்பகல், கிணற்றடி, களைத்த ஒரு யூத ஆண், தண்ணீர் எடுக்க வந்த ஒரு சமாரியப் பெண். கிரேக்கத்தில் இருவரும் ஒருவரையொருவர் ஒரே முன்னிலை ஒருமையால்தான் அழைக்கின்றனர். உயர்ந்தோர், தாழ்ந்தோர் என்ற வேறுபாட்டை அந்தச் சொல் அறியாது. தமிழில் எழுத அமரும் பெயர்ப்பாளருக்கோ முதல் வரியிலேயே நெருக்கடி. இந்த ஆண் இந்தப் பெண்ணை எப்படி விளிப்பார்? ஹென்றி பவர் தலைமையிலான குழு உருவாக்கி 1871இல் வெளிவந்த பெயர்ப்பில் இயேசு அவளை ‘நீ’ என்கிறார். தண்ணீரைத் ‘தா’ என்று கேட்கிறார். அவளோ முதல் மறுமொழியிலிருந்தே அவரை ‘நீர்’ என்கிறாள். கத்தோலிக்கரும் சீர்திருத்தச் சபையாரும் இணைந்து 1995இல் வெளியிட்ட திருவிவிலியத்தில் இருவரும் ‘நீர்’. தண்ணீரைக் ‘கொடும்’ என்று அவர் கேட்கிறார். பவர் பெயர்ப்பு ‘ஸ்திரீயே’ என்று விளிக்குமிடத்தில் 1995இன் பெயர்ப்பு ‘அம்மா’ என்கிறது.

முன்பின் அறியாத ஒரு பெண்ணிடம் ஓர் ஆண் கிணற்றடியில் ‘நீ’ என்றும் ‘தா’ என்றும் பேச, அவள் ‘நீர்’ என்று மறுமொழி தருவது எத்தகைய ஊரில் நடக்கும் என்று இந்தியாவில் வளர்ந்த எவருக்கும் விளக்கத் தேவையில்லை. 1871இன் வாசகர்களுக்கு அது இயல்பாக ஒலித்திருக்கும்; இயல்பாக ஒலித்தது என்பதுதான் அதிலுள்ள சிக்கல். அதற்காக 1995இன் பெயர்ப்பு மூலத்திற்கு நெருங்கிவிட்டது என்றும் சொல்லிவிட முடியாது. ‘அம்மா’ என்ற சொல்லின் இதமும் கிரேக்கத்தில் இல்லை. மேலும், அந்தப் பெண் தன் முதல் மறுமொழியில் மரியாதைச் சொல் எதையும் பயன்படுத்துவதில்லை. நீ யூதன், நான் சமாரியப் பெண், இது எப்படி என்ற கூர்மையே அங்கே இருக்கிறது. ‘கூரியே’ என்ற மரியாதை விளி அவள் வாயில் 11ஆம் வசனத்தில்தான் முதன்முதலாக வருகிறது. அதாவது உரையாடலுக்குள் ஒரு நகர்வு இருக்கிறது. எதிர்ப்பில் தொடங்கும் குரல் மெல்ல மாறுகிறது. இரண்டு தமிழ்ப் பெயர்ப்புகளுமே முதல் வரியிலிருந்து அவளை ‘நீர்’ என்று பேசவைத்து அந்த நகர்வைச் சமன்படுத்திவிட்டன. ஒரு பெண் இயேசுவை ‘நீ’ என்று கேட்பதைத் தமிழ்ச் சபையின் காது தாங்காது என்ற அச்சம் காரணமாக இருக்கலாம். அந்த ‘கூரியே’ பவர் பெயர்ப்பில் ‘ஆண்டவரே’ ஆகிறது, 1995இல் ‘ஐயா’ ஆகிறது. எதிரில் அமர்ந்திருப்பவர் யாரென்று இன்னும் அறியாத பெண் ‘ஆண்டவரே’ என்று விளித்தால், கதையின் முடிவு அவள் வாயில் முன்கூட்டியே வைக்கப்பட்டுவிட்டது என்றுதான் பொருள்.

இந்த அதிகாரத்தைத் தலித் இறையியல் தொடர்ந்து வாசித்து வந்திருக்கிறது. மகாத் நகரின் சவுதார் குளத்தில் 1927இல் அம்பேத்கர் தண்ணீர் அள்ளிய நாட்டில் அந்த வாசிப்பு எழாமல் இருந்தால்தான் வியப்பு. கிணறும் தீட்டும் பாத்திரமும் பற்றி அருமையான கட்டுரைகள் ஆங்கிலத்தில் வந்துள்ளன. அவற்றைப் பின்பற்றித் தமிழ் மாணவர்கள் எழுதும் பல ஆய்வேடுகளில் மேற்கோள் ஆங்கில விவிலியத்திலிருந்து வருகிறது. அந்த ஆங்கில முன்னிலைச் சொல்லில் ‘நீ’யும் இல்லை, ‘நீரும்’ இல்லை. சாதியச் சமூகத்தின் இலக்கணம் நற்செய்திக்குள் எந்த வரியில், எந்தச் சொல் வழியாக நுழைந்தது என்பதற்கான கண்கண்ட சான்று தமிழ்ப் பெயர்ப்பிலேயே அச்சாகிக் கிடக்கிறது. சாதியைப் பற்றிய ஆய்வேடு அதைத் தாண்டிக்கொண்டு ஆங்கிலத்திற்குப் போகிறது.

அந்த உரையாடலில் இன்னொரு நுட்பமும் உண்டு. கிணற்றைத் தந்த யாக்கோபைப் பற்றி அந்தப் பெண் பேசுகிறாள். கிரேக்கத்தின் தன்மைப் பன்மை, கேட்பவரைச் சேர்த்துக்கொள்கிறதா விலக்குகிறதா என்று சொல்வதில்லை. ஆங்கிலமும் சொல்வதில்லை. தமிழுக்கு ‘நாம்’, ‘நாங்கள்’ என்ற பிரிவு உண்டு, தேர்ந்தே ஆகவேண்டும். பவர் பெயர்ப்பு ஒரே வாக்கியத்தில் இரண்டையும் பயன்படுத்துகிறது. கிணறு ‘எங்களுக்கு’த் தரப்பட்டது, யாக்கோபு ‘நம்முடைய’ பிதா. தண்ணீர் சமாரியருக்கு, மூதாதையோ யூதருக்கும் சமாரியருக்கும் பொது! இது வெறும் மொழிபெயர்ப்பாக இல்லை. ஒரு விளக்கவுரையே இரண்டு சொற்களில் அடங்கியிருக்கிறது. பவரோ அவருக்கு உறுதுணையாயிருந்த முத்தையா பிள்ளையோ இதை எண்ணிச் செய்தார்களா, காதின் போக்கில் அமைந்ததா என்பது தனி ஆய்வுக்குரியது. ‘எங்கள் பிதா’ என்று பெயர்த்திருந்தால் அதே பெண் மூதாதையையும் தன் பக்கம் இழுத்துக்கொண்டு வாதிடுபவளாக மாறியிருப்பாள். இரண்டுக்கும் கிரேக்கம் இடம் தருகிறது. இந்த ஒரு வாக்கியத்தை வைத்து ஒரு நல்ல ஆய்வுக்கட்டுரை எழுதலாம். ஆங்கிலத்தில் தொடங்குபவருக்கு அப்படி ஒரு கேள்வி இருப்பதே தெரியவராது.

எதிர்முகாமைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆங்கிலத்தை நடுவராக்குவோருக்கு மறுபுறம், 1871இன் பெயர்ப்பையே வேதம் என்று கொள்வோர் நிற்கின்றனர். ‘பழைய மொழிபெயர்ப்பு’ என்ற பெயரே அதற்கொரு புனிதத்தைத் தந்துவிட்டது. அதைவிடப் பழையவை உண்டு என்ற செய்தி பலருக்கு அதிர்ச்சியளிக்கிறது. சீகன்பால்க் பெயர்த்த புதிய ஏற்பாடு 1714, 1715 ஆண்டுகளில் தரங்கம்பாடியில் அச்சேறியது. அதன்பின் ஃபபிரிசியுஸ், இரேனியுஸ் ஆகியோரின் பெயர்ப்புகள் வந்தன. யாழ்ப்பாணத்தில் பீட்டர் பெர்சிவல், ஆறுமுக நாவலரின் துணையுடன் உருவாக்கிய பெயர்ப்பு 1850இல் வெளிவந்து சென்னையில் எதிர்ப்பைச் சந்தித்தது. கடவுளின் பெயரே ‘சர்வேசுரன்’, ‘பராபரன்’, ‘தேவன்’, ‘கடவுள்’ என்று பதிப்புக்குப் பதிப்பு மாறியது. பவரின் பெயர்ப்பு வந்தபோது அதுதான் புதுமை; லுத்தரன் சபையார் நெடுங்காலம் ஃபபிரிசியுஸை விட்டுக்கொடுக்கவில்லை. இன்று அதன் வடமொழிச் சொற்களின் ஓசையில் புனிதத்தைக் கேட்பவர், தம் கொள்ளுப்பாட்டனார் எதிர்த்த நூலையே பாட்டனார் சொத்தாகக் கொண்டாடுகிறார்.

ஓசைக்காக ஒரு பெயர்ப்பை நேசிப்பதில் தவறில்லை. மனப்பாடமும் பாடலும் மன்றாட்டும் அதில்தான் வேரூன்றியுள்ளன. அதைப் படிப்பின் ஒரே கருவியாக்கும்போதுதான் கேடு தொடங்குகிறது. ‘தூலோஸ்’ என்ற கிரேக்கச் சொல்லின் நேர்ப்பொருள் அடிமை. பிலிப்பியர் 2ஆம் அதிகாரத்தில் கிறிஸ்துவைப் பற்றி வரும்போதும், பிலேமோன் கடிதத்தில் ஒநேசிமுவைப் பற்றி வரும்போதும் பவர் பெயர்ப்பு ‘அடிமை’ என்றே சொல்கிறது. உரோமையர் கடிதத்தின் முதல் வசனத்தில் பவுல் தன்னை அதே சொல்லால் அறிமுகப்படுத்திக்கொள்ளும்போது மட்டும் அது ‘ஊழியக்காரன்’ ஆகிவிடுகிறது. விலைக்கு வாங்கப்பட்டவன் என்று தன்னைச் சொல்லிக்கொண்டவரின் சொல், இன்று சுவரொட்டியில் பெரிய எழுத்தில் அச்சாகும் பதவிப் பெயர். ஒநேசிமுவும் பவுலும் ஒரே சொல்லால் அழைக்கப்பட்டவர்கள் என்பதைப் பழைய பெயர்ப்பை மட்டும் வாசிப்பவர் ஒருநாளும் அறியமாட்டார். கிங் ஜேம்ஸ் பெயர்ப்பும் பல இடங்களில் ‘பணியாள்’ என்ற பொருள் தரும் சொல்லையே கையாண்டது என்பதால் இங்கே ஆங்கிலத்தை ஒப்பிட்டும் பயனில்லை.

மூலபாடச் சிக்கல் தனி. பவர் குழு பணியாற்றியபோது கிரேக்கப் புதிய ஏற்பாட்டுக்குப் பொதுவழக்கில் இருந்த அச்சுப்பாடம் ஏறத்தாழ எராஸ்முஸ் வழிவந்தது. பழைமையான கைப்படிகளை ஒப்பிட்டு வெஸ்ட்காட், ஹோர்ட் ஆகியோர் பதிப்பித்த பாடம் 1881இல்தான் வந்தது. 1 யோவான் 5ஆம் அதிகாரத்தில் விண்ணுலகின் மூன்று சாட்சிகளைப் பற்றிய வரி, மிகப் பிந்தைய சிலவற்றைத் தவிர, கிரேக்கக் கைப்படிகளில் இல்லை. எராஸ்முஸே தம் முதலிரு பதிப்புகளில் அதைச் சேர்க்கவில்லை. 1522இன் மூன்றாம் பதிப்பில்தான் சேர்த்தார். பவர் பெயர்ப்பில் அந்த வரி இருக்கிறது, திருவிவிலியத்தில் இல்லை. இத்தகைய இடங்களைத் திரட்டி ‘புதிய பைபிள்களில் நீக்கப்பட்ட வசனங்கள்’ என்று அட்டவணையிட்டு வாட்ஸ்அப்பில் சுற்றவிடுகின்றனர். நீக்கப்பட்டவையா, பிற்காலத்தில் சேர்க்கப்பட்டவையா என்ற கேள்வியைக் கேட்கவேண்டிய இறையியல் பட்டதாரிகளுள் சிலரே அதை முன்னனுப்புவதுதான் வேதனை.

இவ்விரு முகாம்களுக்கும் பொதுவான மூன்றாவது நோய் ஒன்று அண்மையில் பரவியுள்ளது. ‘மூலபாஷையில் இதன் பொருள்’ என்று தொடங்கும் விளக்கம். செயலியில் ஒரு சொல்லைத் தொட்டால் ஸ்ட்ராங் எண் வரும். எண்ணைத் தொட்டால் ஐந்தாறு ஆங்கிலப் பொருள்கள் வரும். அவற்றுள் பிரசங்கத்திற்கு ஏற்றது தேர்ந்தெடுக்கப்படும். 1890இல் வெளிவந்த ஸ்ட்ராங்கின் சொல்லடைவு கிங் ஜேம்ஸ் பெயர்ப்பின் சொற்களுக்கான அட்டவணை. ஒரு வாக்கியத்தில் அந்தச் சொல் என்ன செய்கிறது என்று அது சொல்லாது. ‘துனாமிஸ்’ என்பதிலிருந்துதான் டைனமைட் வந்தது, ஆகவே தூய ஆவியின் வல்லமை வெடிமருந்து போன்றது என்று எத்தனை மேடைகளில் முழங்கப்பட்டுள்ளது! நோபல் தம் வெடிமருந்துக்கு அந்தப் பெயரைச் சூட்டியது 1867இல். பவுல் அதை எண்ணி எழுதியிருக்க வாய்ப்பில்லை.

மொழிபெயர்ப்பைத் தேர்வது பற்றி மாணவர்களுக்குக் கற்பிக்கப்படும் பாடமும் திருத்தப்பட வேண்டியது. ஒரு முனையில் ‘சொல்லுக்குச் சொல்’, மறுமுனையில் ‘கருத்துக்குக் கருத்து’ என்று கோடு கிழித்து, அதன்மேல் ஆங்கிலப் பெயர்ப்புகளை வரிசையாக நிறுத்தும் படம் ஒன்று வகுப்புகளில் காட்டப்படுகிறது. யூஜின் நைடாவின் கோட்பாட்டை அங்காடிப் பட்டியலாகச் சுருக்கிய படம் அது. தமிழை அந்தக் கோட்டில் எங்கே வைப்பது? எபேசியர் முதல் அதிகாரத்தில் 3 முதல் 14 வரையிலான வசனங்கள் கிரேக்கத்தில் ஒரே நெடுவாக்கியம். முதன்மை வினையை இறுதியில் வைக்கும் மொழிக்கு அதைச் சொல்லுக்குச் சொல் கொண்டுவர வழியே இல்லை. மிகக் கட்டுப்பாடான தமிழ்ப் பெயர்ப்பும் வாக்கியத்தைத் தலைகீழாக்கித்தான் தொடங்க முடியும்.

தொடக்கநூல் முதல் அதிகாரத்தின் 2ஆம் வசனத்தை எடுத்துக்கொள்ளலாம். நீர்மேல் அசைந்தது எது, அல்லது யார்? எபிரேயத்தின் ‘ரூவாஹ்’ காற்று, மூச்சு, ஆவி அனைத்தையும் குறிக்கும். அங்கே அது பெண்பாலில் வருகிறது. பவர் பெயர்ப்பு ‘ஆவியானவர்’ என்று உயர்திணையாக்கி வினையை ‘ஆர்’ விகுதியில் முடிக்கிறது. திருவிவிலியம் ‘ஆவி’ என்று நிறுத்தி அஃறிணை வினையில் முடிக்கிறது. முன்னதில் திரித்துவத்தின் மூன்றாம் ஆள் முதல் பக்கத்திலேயே வந்துவிட்டார். பின்னதில் அந்த முடிவு வாசகருக்கு விடப்பட்டுள்ளது. ஆங்கிலப் பெயர்ப்புகள் இதே முடிவை ஒரு பெரிய எழுத்தால் எடுக்கின்றன. 1989இன் புதிய திருத்திய பெயர்ப்பு காற்று என்றே சொல்லிவிட்டது. ‘சொல்லுக்குச் சொல்’ என்ற கோடு இந்த மூன்றையும் விளக்காது. ஒரு விகுதியில் ஒரு கோட்பாடு அமர்ந்திருக்கிறது என்பதைக் காட்டுவதற்குத் தமிழ் இலக்கணம் தெரிந்தால் போதும்; அதைப் பள்ளியிலேயே கற்ற மாணவர் விவிலியத்தைத் திறந்ததும் மறந்துவிடுகிறார்.

பல பெயர்ப்புகளை வாசிப்பது எளிய விசுவாசிகளைக் குழப்பும் என்ற மறுப்பு எப்போதும் வரும். மராத்தியில் இந்த மறுப்புக்கு விடையளித்த பெண்மணி ஒருவர் உண்டு. பண்டிதை ரமாபாய் வடமொழியில் புலமை பெற்றவர். கல்கத்தா அறிஞர்கள் அவருக்குப் ‘பண்டிதை’ பட்டம் அளித்தது 1878இல். வழக்கிலிருந்த மராத்தி விவிலியத்தின் வடமொழிச் சொற்கள் வேதாந்தப் பொருளைச் சுமந்து வருவதைக் கண்டறிய அவரைவிடத் தகுதியானவர் இலர். கேட்காவ் ஊரின் முக்தி இல்லத்தில் அவருடன் வாழ்ந்த பெண்களுக்கு அந்தச் சொற்கள் எட்டாதவை. ஆங்கிலத்தில் எப்படி இருக்கிறது என்று பார்த்துத் திருத்திக்கொள்ளும் ஆங்கில அறிவு ரமாபாயிடம் தாராளமாக இருந்தது. அவர் எபிரேயமும் கிரேக்கமும் கற்று, முழு விவிலியத்தையும் எளிய மராத்தியில் தாமே பெயர்த்தார். 1922 ஏப்ரலில் அவர் மறைந்தார். நூல் 1924இல் முழுமையாக வெளிவந்தது. எளிய மக்களைக் குழப்பும் என்று அஞ்சுவோர், அந்த எளிய மக்களுக்காக ஒருவர் எவ்வளவு தூரம் போனார் என்பதை எண்ணிப் பார்க்கலாம். தனியொருவரின் பெயர்ப்பில் தனியொருவரின் சாய்வும் இருக்கும் என்பதும் உண்மையே. அதனாலேயே அவர் நூலும் பிறவற்றுடன் ஒப்பிட்டு வாசிக்கத்தக்கது.

எல்லோரும் ரமாபாய் ஆக வேண்டியதில்லை. தனிப்பட்ட படிப்புக்கு மேசையில் இரண்டு தமிழ்ப் பெயர்ப்புகள் இருக்கட்டும். அவை ஒரே குடும்பத்தைச் சேராதவையாக இருக்க வேண்டும்: பவருடையது ஒன்று, திருவிவிலியம் மற்றொன்று. பின்னதைக் ‘கத்தோலிக்கப் பைபிள்’ என்று ஒதுக்குவோர், அதன் உருவாக்கத்தில் தம் சபையாரும் இருந்தனர் என்பதை அறிந்துகொள்ளட்டும். ‘வேதாகமம்’ என்றால் ஒரு சபை, ‘விவிலியம்’ என்றால் இன்னொரு சபை என்று பெயரை வைத்தே ஆளை அடையாளம் காணும் நிலை ஆய்வு மாணவருக்கு அழகன்று. ஆங்கிலப் பெயர்ப்பும் அருகில் இருக்கலாம், சாட்சிகளுள் ஒன்றாக. கிரேக்க எழுத்துகளை ஒரு வாரத்தில் கற்கலாம். வரியிடைச் சொற்பொருள் தரும் பதிப்பைப் பார்க்க அது போதும்.

இரண்டு தமிழ்ப் பெயர்ப்புகளும் பிரியும் இடத்தில் எது சரி என்று உடனே தீர்ப்பு எழுதுவதைவிட, ஏன் பிரிந்தன என்று கேட்பதே படிப்பு. கைப்படிகள் வேறுபட்டதால் பிரிந்திருக்கலாம். கலாத்தியர் 2:16இல் போல மூலமே இரு பொருள் தந்திருக்கலாம்: கிறிஸ்துவின்மேல் வைக்கும் விசுவாசமா, கிறிஸ்துவின் விசுவாசமா என்று கிரேக்கத்தின் ஆறாம் வேற்றுமை சொல்லாமல் விட, பவர் பெயர்ப்பு ‘பற்றும்’ என்ற ஒரு சொல்லைச் சேர்த்து முடித்துவைத்தது, கிங் ஜேம்ஸ் பெயர்ப்பு அப்படியே விட்டது. அல்லது, கிணற்றடியில் போல, தமிழ் இலக்கணமும் தமிழ்ச் சமூகமும் சேர்ந்து ஒரு தேர்வைக் கட்டாயப்படுத்தியிருக்கலாம். மூன்றும் வெவ்வேறு வகைக் கேள்விகள். ஆங்கிலத்தைப் பார்த்ததும் மூன்றும் ஒன்றாகக் கரைந்துவிடுகின்றன.

ஆய்வேடுகளைப் பொறுத்தவரை வேண்டுவது மிகச் சிறியது. தமிழில் மேற்கோள் காட்டுவோர் பெயர்ப்பின் பெயரையும் ஆண்டையும் எழுதட்டும். எழுதாத பக்கத்தை நெறியாளர் திருப்பியனுப்பட்டும். கம்பராமாயணப் பாடலைப் பதிப்பு விவரமின்றி மேற்கோள் காட்டினால் திருப்பியனுப்பும் அதே கை இங்கே ஏன் தளர்கிறது?

அடுத்த வேதபாட வகுப்பில் மாற்கு 4:38 வந்தால், கைபேசியை எடுக்குமுன் ஒன்றைச் சோதிக்கலாம். புயலில் படகு நிரம்புகிறது. இயேசு பின்புறத்தில் உறங்குகிறார். சீடர்கள் அவரை எழுப்பி மடியப்போவதாக அலறுகின்றனர். பவர் பெயர்ப்பில் அவர்கள் ‘நாங்கள்’ என்கின்றனர். உறங்குபவர் சாவிலிருந்து விலக்கப்பட்டிருக்கிறார். ‘நாம்’ என்று பெயர்த்தால் அவரும் அவர்களோடு மூழ்குகிறார். பெயர்ச்சொல்லை விட்டுவிட்டு ‘ஓம்’ விகுதியை மட்டும் வைத்தால் தமிழிலும் கிரேக்கத்தைப் போல அதைச் சொல்லாமல் விடலாம். அன்று அந்தப் படகில் இருந்தவர்கள் தங்கள் போதகரையும் சேர்த்து எண்ணினார்களா, இல்லையா? வகுப்பில் இருப்போர் முதலில் இதற்கு விடை தேடட்டும்.